பரவளையப் பண்புகளை ஆயத்தொலைவால் நிறுவுவது: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்

பன்னிரண்டாம் வகுப்பில் பரவளையம் வந்ததும் பெரும்பாலோர் ஒரு சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். தொடுகோட்டுக்கு ஒன்று, செங்கோட்டுக்கு ஒன்று, நாணுக்கு ஒன்று, குவிநாணுக்கு ஒன்று. பிறகு "நிறுவுக" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தால், பட்டியலில் எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கம் ஓட்டிவிட்டு நடுவழியில் நிற்கிறார்கள். உண்மையில் வேண்டியது ஒரே ஒரு நாண் சமன்பாடு. தொடுகோடு, குவிநாண், நடுப்புள்ளிகளின் பாதை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதைவிட முக்கியம், கேள்வியில் உள்ள வாக்கியத்தை எண்களின் மொழிக்கு மாற்றும் முதல் இரண்டு வரிகள். நிறுவல்கள் பெரும்பாலும் இயற்கணிதத்தில் தோற்பதில்லை. இந்த இரண்டு வரிகளில்தான் தோற்கின்றன.

எழுத்துகள்

இங்கே எக்ஸ், ஒய் கிடையாது. கிடைத் தொலைவு கி, நிலைக்குத்துத் தொலைவு நி. முனைக்கும் குவியத்துக்கும் இடைப்பட்ட தூரம் அ; பாடநூலில் அது ஏ. துணையலகு த, பாடநூலில் டி; வளைவின்மேல் ஒரு புள்ளியை (அ·த², 2அ·த) என்று குறிக்க உதவும் எண் அது. விடைத்தாளில் எழுதும்போது பாடநூலின் எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழெழுத்தில் எழுதிப் பழகுவதில் ஒரு லாபம் உண்டு: எது நீளம், எது வெறும் எண் என்பது மறக்காது. கி, நி, அ மூன்றும் நீளங்கள், ஸ்கேல் வைத்து அளக்கக்கூடியவை. த நீளம் அல்ல, வெறும் எண். இந்த வேறுபாடு பின்னால் பிழை பிடிக்கும் கருவியாகும்.

முனை மு, குவியம் கு, வளைவின்மேல் உள்ள புள்ளிகள் ப, ம. கு-ப என்று எழுதினால் அது கு முதல் ப வரையுள்ள நீளம், கழித்தல் அல்ல.

அச்சுகளை எங்கே வைப்பது

ஒரு நிலையான புள்ளிக்கும் ஒரு நிலையான கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் பாதைதான் பரவளையம். புள்ளி குவியம், கோடு இயக்குவரை. குவியத்திலிருந்து இயக்குவரைக்குச் செங்குத்து இறக்கி, அதன் நடுப்புள்ளியை ஆதிப்புள்ளியாக வையுங்கள். அதுவே முனை; அந்தச் செங்குத்து கிடக்கும் கோடே பரவளையத்தின் அச்சு. அப்போது குவியம் (அ, 0), இயக்குவரை கி = −அ. வரையறையை அப்படியே எழுதி இருபுறமும் வர்க்கப்படுத்தினால்

(கி − அ)² + நி² = (கி + அ)²

இதை விரித்தால் கி², அ² இரண்டும் அடிபட்டு நி² = 4அ·கி மிஞ்சும். வர்க்கப்படுத்தும்போது வேண்டாத புள்ளி ஏதாவது உள்ளே நுழைந்துவிடுமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இங்கே நுழையாது. இருபுறமும் தூரங்கள், குறையெண் ஆகாதவை. ஆகவே வர்க்கங்கள் சமம் என்றால் தூரங்களும் சமம். இந்த ஒரு வரியை எழுதினால் இரு திசையிலும் நிறுவியாகிவிட்டது. பலர் விட்டுவிடும் வரி இது.

ஆதியைக் குவியத்தில் வைத்தால் தவறில்லை. ஆனால் நி² = 4அ(கி + அ) என்று வரும்; ஒவ்வொரு வரியிலும் அந்த அடைப்புக்குறியைச் சுமக்க வேண்டும். அச்சுகளை வைப்பது நம் விருப்பம், அதனால் பொதுத்தன்மை குறையாது. வளைவின்மேல் உள்ள ப என்ற புள்ளியை வைப்பது நம் விருப்பம் அல்ல. படம் அழகாக வருகிறது என்று ப-வைச் செவ்வகலத்தின் (குவியம் வழியே அச்சுக்குச் செங்குத்தாகப் போகும் நாணின்) நுனியில், அதாவது (அ, 2அ)-வில் வைத்து நிறுவினால் அது நிறுவல் ஆகாது, ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ரஃப் படத்திலேயே த = 1-ஐத் தவிர்த்து த = 2 எடுத்து (4அ, 4அ)-வில் ப-வைக் குறியுங்கள். த = 1 என்றால் கு-ப அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும்; இல்லாத செங்கோணம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கிராஃப் தாளில் ஒருமுறை வரைந்துவிடுவது நல்லது. அ = 1 செ.மீ. என்று வைத்தால் த = 0, ½, 1, 1½, 2, 3 ஆகியவற்றுக்குப் புள்ளிகள் (0, 0), (0.25, 1), (1, 2), (2.25, 3), (4, 4), (9, 6). கீழ்ப் பாதிக்கு நி-யின் குறியை மட்டும் மாற்றினால் போதும்.

துணையலகு ஏன்

வளைவின்மேல் ஒரு புள்ளியை (கி₁, நி₁) என்று எடுத்தால், நி₁² = 4அ·கி₁ என்ற நிபந்தனையைக் கடைசி வரை கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். எந்த வரியில் அதைப் பயன்படுத்துவது என்று தேடுவதிலேயே நேரம் போகும். (அ·த², 2அ·த) என்று எடுத்தால் நிபந்தனை புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வளைவின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு த. ஒவ்வொரு த-வுக்கும் ஒரே ஒரு புள்ளி.

கு-ப நீளத்தைக் கண்டுபிடிக்க உடனே தூரச் சூத்திரத்தையும் வர்க்கமூலத்தையும் எடுக்காதீர்கள். வரையறை கையில் இருக்கிறது: கு-ப என்பது ப-விலிருந்து இயக்குவரைக்கு உள்ள தூரம். ப-வின் கிடைத் தொலைவு அ·த², இயக்குவரை −அ. ஆக

கு-ப = அ(1 + த²)

வர்க்கமூலம் இல்லாத இந்த ஒரு வரிதான் பரவளையத்தைக் கையாள எளிதாக்குகிறது. இது தெரியாமல் நீள்வட்டத்துக்குப் போடும் அளவு வேலையைப் பரவளையத்துக்கும் போடுபவர்கள் உண்டு.

அந்த ஒரு நாண்

த₁, த₂ என்ற இரண்டு புள்ளிகளை இணைக்கும் நாணின் சாய்வு: மேலே 2அ(த₁ − த₂), கீழே அ(த₁² − த₂²). சுருக்கினால் 2 ÷ (த₁ + த₂). சமன்பாடு:

(த₁ + த₂)·நி = 2கி + 2அ·த₁·த₂

இதைச் சாய்வு வடிவத்தில் வைக்காமல், இப்படிப் பின்னம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். த₁ + த₂ = 0 என்றால் நாண் நிலைக்குத்தாக நிற்கும், சாய்வு என்ற ஒன்றே இருக்காது. ஆனால் இந்தச் சமன்பாடு அப்போதும் சரியாகவே கி = −அ·த₁·த₂ என்று சொல்லும். செவ்வகலம் அப்படி ஒரு நாண்தான். சாய்வில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் அதைத் தனியாக ஒரு நிலையாக எடுத்து நிறுவ வேண்டியிருக்கும், பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

இப்போது த₂-வை த₁-ஆகவே வையுங்கள். நாண் தொடுகோடாகிறது:

த·நி = கி + அ·த²

சாய்வு 1 ÷ த. வகையீடு செய்து சரிபார்க்க விரும்பினால் 2நி·நி′ = 4அ, ஆக நி′ = 2அ ÷ நி = 1 ÷ த. ஒத்துப்போகிறது. முனையில் த = 0; தொடுகோடு கி = 0. அதற்கும் தனிக் கவனிப்பு வேண்டாம்.

இரண்டு தொடுகோடுகள் வெட்டும் புள்ளி அடிக்கடி வரும். இரண்டு சமன்பாடுகளையும் கழித்தால் (த₁ − த₂)·நி = அ(த₁² − த₂²). த₁, த₂ வெவ்வேறு என்பதால் வகுக்கலாம். இந்தக் காரணத்தை எழுதிவிட்டு வகுங்கள். புள்ளி:

(அ·த₁·த₂, அ(த₁ + த₂))

கிடைத் தொலைவில் பெருக்கல், நிலைத் தொலைவில் கூட்டல்.

குவிநாண்

குவிநாண் என்றால் குவியம் வழியே போகும் நாண். நாண் சமன்பாட்டில் குவியம் (அ, 0)-ஐப் போட்டால் 0 = 2அ + 2அ·த₁·த₂. ஆக த₁·த₂ = −1. குவிநாண் பற்றிய கேள்வி எதுவானாலும் முதல் வரி இதுதான். இதற்குப் பிறகு வருவனவற்றில் பாதி வாய்க்கணக்கு.

குவிநாணின் இரு நுனிகளிலும் வரையும் தொடுகோடுகள் இயக்குவரையின் மீது செங்கோணத்தில் வெட்டும். வெட்டும் புள்ளியின் கிடைத் தொலைவு அ·த₁·த₂ = −அ, அது இயக்குவரை. சாய்வுகளின் பெருக்கல் 1 ÷ (த₁·த₂) = −1, அது செங்கோணம். பெருக்கல் −1 என்பதால் இங்கே த எதுவும் சுழி ஆகாது. ஆகவே சாய்வு இல்லாத நிலை வராது.

குவிநாணை விட்டமாகக் கொண்ட வட்டம் இயக்குவரையைத் தொடும். இதற்கு வட்டத்தின் சமன்பாட்டை எழுதி, கி = −அ போட்டு, தன்மைகாட்டி சுழி என்று காட்டுவது ஒரு வழி. வேலை செய்யும், அரைப் பக்கம் ஆகும். கேள்வியை மொழிமாற்றிப் பாருங்கள்: "தொடும்" என்றால் மையத்திலிருந்து கோட்டுக்கு உள்ள தூரம் ஆரத்துக்குச் சமம். விட்டம் என்பது கு-ப, கு-ம இரண்டின் கூட்டல், அதாவது அ(2 + த₁² + த₂²). ஆரம் அதில் பாதி. மையத்தின் கிடைத் தொலைவு அ(த₁² + த₂²) ÷ 2. அதோடு அ-வைக் கூட்டினால் இயக்குவரைக்குத் தூரம். இரண்டும் ஒன்றே. மூன்று வரி. கூடுதலாக ஒன்று: மையத்தின் நிலைத் தொலைவு அ(த₁ + த₂), தொடுகோடுகள் வெட்டும் புள்ளிக்கும் அதுவே. ஆக வட்டம் இயக்குவரையைத் தொடும் இடமும் முந்தைய பண்பில் தொடுகோடுகள் சந்தித்த இடமும் ஒரே புள்ளி. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது இங்கே நேரில் தெரிகிறது.

1 ÷ கு-ப, 1 ÷ கு-ம இரண்டையும் கூட்டினால் 1 ÷ அ. த₂ = −1 ÷ த₁ என்று போட்டால் இரண்டாவது பின்னம் த₁² ÷ (1 + த₁²) ஆகிவிடும்; பிறகு கூட்டுவதுதான். நாணின் நீளத்தையும் இப்படியே அ(த₁ + 1 ÷ த₁)² என்று எழுதலாம். ஓர் எண்ணும் அதன் தலைகீழும் சேர்ந்து அளவில் 2-க்குக் குறையாது. ஆகவே குவிநாண்களிலேயே சிறியது 4அ நீளமுள்ள செவ்வகலம்.

எண் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். அ = 1, த₁ = 2 என்றால் ப (4, 4); த₂ = −½, ம (0.25, −1). கு-ப = 5, கு-ம = 1.25. தலைகீழ்கள் 0.2, 0.8, கூட்டினால் 1. தொடுகோடுகள் (−1, 1.5)-இல் வெட்டும். வட்டத்தின் மையம் (2.125, 1.5), ஆரம் 3.125, மையத்திலிருந்து இயக்குவரைக்குத் தூரமும் 3.125. இது நிறுவல் அல்ல. ஆனால் குறிப்பிழை எங்கே என்று அரை நிமிடத்தில் காட்டும்.

இங்கே பெரிய சறுக்கல் ஒன்று இருக்கிறது. த₁·த₂ = −1 என்பது குவியத்தின் வழியே போகும் நாணுக்கு மட்டும். "முனையில் செங்கோணத்தைத் தாங்கும் நாண்" என்று கேள்வி வந்தால், செங்கோணம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக −1 எழுதும். அங்கே மு-ப, மு-ம சாய்வுகள் 2 ÷ த₁, 2 ÷ த₂. பெருக்கினால் 4 ÷ (த₁·த₂) = −1, ஆக த₁·த₂ = −4. நாண் சமன்பாட்டில் நி = 0 போட்டால் கி = 4அ. அத்தகைய நாண்கள் எல்லாம் (4அ, 0) என்ற ஒரே புள்ளி வழியே போகின்றன. எந்தச் செங்கோணம், எந்தப் புள்ளியில் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தொடுகோடும் ஒளியும்

ப-வில் தொடுகோடு அச்சை எங்கே வெட்டுகிறது? நி = 0 போட்டால் கி = −அ·த². அந்தப் புள்ளியை ச என்போம். ப-விலிருந்து அச்சுக்கு இறக்கிய செங்குத்தின் அடி அ·த². ஆக அடிக்கும் ச-வுக்கும் சரியாக நடுவில் முனை. ஆயத்தொலைவு முறை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெர்காவின் அப்போலோனியஸ் போன்ற கிரேக்கர்கள் அறிந்திருந்த பண்பு இது. பரவளையத்துக்குக் கையால் தொடுகோடு வரைய இதைவிடச் சுலபமான வழி இல்லை: அடியிலிருந்து முனைவரை உள்ள தூரத்தை மறுபக்கம் குறி, ப-வுடன் இணை.

கு-ச நீளம் அ + அ·த². கு-ப நீளமும் அதுவே. ஆக கு, ப, ச ஓர் இருசமபக்க முக்கோணம். ச-விலும் ப-விலும் உள்ள கோணங்கள் சமம். ப வழியே அச்சுக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். அது தொடுகோட்டுடன் அமைக்கும் கோணம், ஒத்த கோணம் என்பதால், ச-வில் உள்ள கோணத்துக்குச் சமம். எனவே அச்சுக்கு இணையாக வரும் கதிரும் கு-ப கோடும் தொடுகோட்டுடன் சம கோணம் அமைக்கின்றன. எதிரொளிப்பு விதிப்படி அந்தக் கதிர் குவியத்துக்குப் போகும். இதையே மூன்று சாய்வுகளும் டேன் சூத்திரமும் வைத்து நிறுவுபவர்கள் உண்டு; பின்னத்துக்குள் பின்னம் வரும், த = 1-இல் கு-ப நிலைக்குத்தாகிச் சாய்வு அற்றுப்போகும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நீளங்களை வைத்துப் போனால் அந்தத் தொல்லை இல்லை. த = 0 மட்டும் விதிவிலக்கு: ப, ச இரண்டும் முனையிலேயே விழுந்து முக்கோணம் இல்லாமல் போகும். ஆனால் அங்கே கதிர் அச்சின் மேலேயே வந்து திரும்புகிறது. ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கேபிள் டிவிக்காரர் மாடியில் இருக்கும் பெரிய வட்ட டிஷ்ஷில் இதைச் சோதிக்கலாம். விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டி, நடுவில் ஆழத்தை அளந்தால் விளிம்புப் புள்ளியின் ஆயத்தொலைவு (ஆழம், விட்டத்தில் பாதி). நி² = 4அ·கி-யில் போட்டால் அ = விட்டத்தின் வர்க்கம் ÷ (16 × ஆழம்). 240 செ.மீ. விட்டம், 40 செ.மீ. ஆழம் என்றால் 57600 ÷ 640 = 90 செ.மீ. உயரத்தில் அலை வாங்கி இருக்க வேண்டும். மதுரை வீட்டு மொட்டைமாடிகளில் இருக்கும் சிறிய டிடிஎச் டிஷ்ஷுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அது பரவளையப் பரப்பில் அச்சிலிருந்து தள்ளி வெட்டியெடுத்த துண்டு. அதன் நடு முனை அல்ல. அதனால்தான் அதன் அலை வாங்கி நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே ஒதுங்கி நிற்கிறது.

மடித்துப் பார்ப்பது

குவியத்திலிருந்து தொடுகோட்டுக்கு இறக்கும் செங்குத்தின் அடி எங்கே விழும்? (0, அ·த) என்று முதலில் ஊகித்து, சரிபாருங்கள். தொடுகோட்டில் போட்டால் த·அ·த = 0 + அ·த², புள்ளி கோட்டில் இருக்கிறது. குவியத்திலிருந்து அதற்குச் சாய்வு −த, தொடுகோட்டின் சாய்வு 1 ÷ த, பெருக்கல் −1. (த = 0 என்றால் அடி முனையே.) ஆக எந்தத் தொடுகோட்டை எடுத்தாலும் அடி முனைத் தொடுகோட்டின் மேல். விடையை ஊகித்துச் சரிபார்ப்பது முறையான நிறுவல்தான்; செங்குத்தின் அடி ஒன்றே ஒன்று என்பதால் வேறு இடம் இருக்க வழியில்லை.

குவியத்தைத் தொடுகோட்டில் பிரதிபலித்தால் அடியைத் தாண்டி அதே தூரம் போக வேண்டும்: (−அ, 2அ·த). அது இயக்குவரையில், ப-வுக்கு நேர் எதிரே உள்ள புள்ளி. இதைத் தாளில் செய்யலாம். ஏ4 அளவு பட்டர் பேப்பர் எடுத்து, 21 செ.மீ. கீழ் விளிம்பை இயக்குவரையாக வையுங்கள். விளிம்பின் நடுவிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் குவியத்தைக் குறியுங்கள். குவியத்துக்கும் இயக்குவரைக்கும் இடைத்தூரம் 2அ, ஆக அ = 1.5 செ.மீ. (அ = 3 என்று எடுத்துவிடுவது வழக்கமான தவறு.) விளிம்பில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறித்து, ஒவ்வொன்றையும் குவியத்தின் மேல் படும்படி மடித்துப் பிரியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு தொடுகோடு; இருபது மடிப்புக்குள் வளைவு தானாகத் தெரியும். நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளிய புள்ளிக்கு 2அ·த = 10, த = 3.33, அந்த மடிப்பு வளைவைத் தொடும் இடம் விளிம்பிலிருந்து சுமார் 18.2 செ.மீ. உயரத்தில். தாளின் 29.7 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். தாளைப் படுக்கை வாக்கில் வைத்தால் ஓரத்துப் புள்ளிகளின் தொடும் இடம் தாளுக்கு வெளியே போய்விடும்.

மூன்று தொடுகோடுகள்

கொஞ்சம் கடினமானது: மூன்று தொடுகோடுகளால் அமையும் முக்கோணத்தின் செங்கோட்டு மையம் (மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி) இயக்குவரையில் இருக்கும். மூன்று குத்துக்கோடுகளையும் எழுதித் தீர்க்க உட்கார்ந்தால் மாலை ஆகிவிடும். ஒன்றை மட்டும் எழுதுங்கள். த₁, த₂ தொடுகோடுகள் வெட்டும் உச்சியிலிருந்து மூன்றாம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. அதன் சாய்வு −த₃:

நி − அ(த₁ + த₂) = −த₃·(கி − அ·த₁·த₂)

இதில் கி = −அ போடுங்கள்:

நி = அ(த₁ + த₂ + த₃ + த₁·த₂·த₃)

வந்த விடையில் த₁, த₂, த₃ எதை எதனுடன் மாற்றினாலும் மாறுவதில்லை. ஆகவே மற்ற இரண்டு குத்துக்கோடுகளும் இதே புள்ளி வழியேதான் போக வேண்டும். முடிந்தது. சமச்சீரை வேலை வாங்குவது என்றால் இதுதான். "இதேபோல்" என்று மொட்டையாக எழுதாமல், "கோவை மூன்று துணையலகுகளிலும் சமச்சீரானது, எனவே" என்று எழுதுங்கள். முழு மதிப்பெண்ணும் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

இதே முக்கோணத்தின் சுற்றுவட்டம் குவியம் வழியே போகும் என்பதற்குப் புதிதாகக் கணக்கே தேவையில்லை. குவியத்திலிருந்து மூன்று பக்கங்களுக்கும் இறக்கிய செங்குத்துகளின் அடிகள் முனைத் தொடுகோடு என்ற ஒரே கோட்டில் இருப்பதை முன்பே பார்த்தோம். ஒரு புள்ளியிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் இறக்கிய அடிகள் ஒரே கோட்டில் இருந்தால் அந்தப் புள்ளி சுற்றுவட்டத்தில் இருக்கும் என்பது சிம்சன் கோட்டின் மறுதலை. அதன்படி குவியம் சுற்றுவட்டத்தில்தான் இருக்க முடியும்.

பிழை பிடிக்கும் வழி

ஒவ்வொரு வரியிலும் நீளச் சோதனை போடுங்கள். மேலே நீளமாக வந்த எல்லா விடைகளிலும் அ ஒரே ஒருமுறை பெருக்கலில் நிற்கிறது, ஏனெனில் விடை நீளம். பரப்பு என்றால் அ² வரும். சாய்வு, கோணம் என்றால் அ வரவே கூடாது. "அ·த₁ + த₂" என்று எங்காவது தென்பட்டால் அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அ = 1 என்று வைத்துக்கொண்டு செய்தால் வேலை குறையும்; பரவளையங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று வடிவொத்தவை என்பதால் அது நியாயமும்கூட. ஆனால் இந்தச் சோதனையை இழந்துவிடுவீர்கள். கை பழகும்வரை அ இருக்கட்டும்.

நி² = 12கி என்று கொடுத்தால் அ = 3, 12 அல்ல. செங்கோட்டின் (தொடுபுள்ளியில் தொடுகோட்டுக்குச் செங்குத்தான கோட்டின்) சாய்வு −த, −1 ÷ த அல்ல. இந்த இரண்டிலும்தான் அதிக மதிப்பெண் போகிறது.

வரைந்த வளைவிலிருந்து குவியத்துக்கு

சமன்பாடு இல்லாமல் வெறும் வளைவு மட்டும் தாளில் இருந்தால்? நாணின் சாய்வு 2 ÷ (த₁ + த₂). நடுப்புள்ளியின் நிலைத் தொலைவு அ(த₁ + த₂). இணையான நாண்களுக்கு இந்தக் கூட்டுத்தொகை மாறாது, ஆகவே நடுப்புள்ளிகள் அச்சுக்கு இணையான ஒரே கோட்டில். (முழுக்கோடும் அல்ல, வளைவுக்கு உள்ளே இருக்கும் பகுதி மட்டும். நியமப்பாதை கேட்டால் இதைச் சொல்ல வேண்டும்.) எனவே இரண்டு இணை நாண்கள் வரைந்து நடுப்புள்ளிகளை இணைத்தால் அச்சின் திசை கிடைக்கும். அதற்குச் செங்குத்தாக ஒரு நாண் வரைந்து, அதன் மையக் குத்துக்கோட்டைப் போட்டால் அதுவே அச்சு. அது வளைவை வெட்டும் இடம் முனை. முனையிலிருந்து நி = 2கி என்ற கோட்டை, அதாவது 1 செ.மீ. போனால் 2 செ.மீ. ஏறும் கோட்டை வரையுங்கள். அது வளைவை மீண்டும் வெட்டும் இடத்துக்கு 4கி² = 4அ·கி, ஆக கி = அ. அங்கிருந்து அச்சுக்கு இறக்கிய செங்குத்தின் அடி குவியம்.

ஊரில் காணும் வளைவுகளுக்கும் இந்த மொழியிலேயே ஒரு சோதனை உண்டு. உச்சியை முனையாக வைத்தால் கீழிறங்கும் அளவு, பக்கவாட்டுத் தூரத்தின் வர்க்கத்துக்கு விகிதம். ஓரத்திலிருந்து அகலத்தின் கால் பங்கு உள்ளே வந்தால் உச்சியிலிருந்து உள்ள தூரம் பாதி அகலத்தில் பாதி. இறக்கம் மொத்த உயரத்தில் கால். மிச்ச உயரம் 0.75 பங்கு. மதுரையில் கோரிப்பாளையம் பக்கத்தில் வைகை மேல் உள்ள ஏ.வி. பாலத்தின் கண் ஒன்றை நேர் எதிரே நின்று படம் எடுத்து, அச்சிட்டு, ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். சாய்வாக நின்று எடுத்த படம் உதவாது. நாயக்கர் மகாலின் வளைவுகள் இதழ் இதழாக வெட்டியவை. அங்கே ஒரே பரவளையத்தைத் தேட வேண்டாம். வாசலில் தொங்கும் பூச்சரமும் பரவளையம் அல்ல. தன் எடையில் தொங்கும் சங்கிலியின் வளைவு அது. அரைவட்டம் என்றால் கால் பங்கில் 0.866 வரும், உடனே பிரித்துவிடலாம். ஆனால் வளைவின் உயரம் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றால் சாதாரண வட்டவில்லும் 0.757 காட்டும். பத்து சென்டிமீட்டர் அகல அச்சுப்படத்தில் அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஸ்கேலால் பிரிக்க முடியாது.